ஒரே நாள், இரண்டு படம்: டைம் லூப்பை ரசிப்பது எப்படி?

2021 நவம்பரில் ஆறு நாள் இடைவெளியில் தமிழில், ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கும் இரண்டு டைம் லூப் படங்கள் வந்தன. 19-ஆம் தேதி 'ஜாங்கோ', 25-ஆம் தேதி 'மாநாடு'. மரக்காணம் உப்பளங்களில் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நின்று வேலை ஓய்ந்திருக்கும் மாதம் அது. அந்தப் பக்கம் கிளியனூரிலிருந்து படம் பார்க்கத் திண்டிவனமோ புதுச்சேரியோ போய்வந்தவர்களிடம் இரண்டே கேள்விதான்: எது முதல்? எது காப்பி?

இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் ஒத்திவையுங்கள். 'முதல்' என்பது பெரும்பாலும் போஸ்டருக்கான சொல். 2018-இல் 'டிக் டிக் டிக்' இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்றுதான் விளம்பரமானது. ஆனால் 1963-லேயே 'கலை அரசி'யில் பானுமதியைப் பறக்கும் தட்டில் வேற்றுக் கிரகத்துக்குத் தூக்கிப் போனார்கள், எம்.ஜி.ஆரும் அங்கே போய்விட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'டிக் டிக் டிக்' விளம்பரங்கள் விண்வெளி உடையையும் ராக்கெட்டையும் முன்னால் நிறுத்தின. கதையிலோ, விண்கல் வங்கக்கடலில் விழுந்தால் சுனாமி வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ணால் பார்த்த மரக்காணம் கரைக்காரர்களுக்கு அந்தப் படத்தின் பயம் வானத்தில் இல்லை, கடலில் இருக்கிறது.

டைம் லூப் படத்தில் கவனிக்க வேண்டியது அதன் சட்டம். நாள் எந்த இடத்தில் திரும்பத் தொடங்குகிறது? நடந்தது யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது? 'ஜாங்கோ'வில் ஒரு டாக்டர் தன் மனைவியைக் காப்பாற்றத் தவிக்கிறார்; சுழற்சி ஒரு குடும்பத்துக்குள்ளேயே நிற்கிறது. 'மாநாடு' நாயகன் ஒவ்வொரு முறை செத்ததும் விமானத்தில் கண் விழிக்கிறான். இயக்குநர் வெங்கட் பிரபு அதோடு விடவில்லை. வில்லனையும் அதே சுழலுக்குள் தள்ளிவிட்டார். அங்கேதான் படம் எழுந்து உட்காருகிறது. இருவருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றால், யார் அடுத்து என்ன செய்வான் என்பது சதுரங்கம் ஆகிவிடுகிறது.

வில்லனாக வரும் எஸ்.ஜே.சூர்யா தன் தலைவரிடம் இதுவரை நடந்த சுற்றுகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். நமக்கு எல்லாம் தெரியும். கேட்கிற தலைவருக்கு ஒன்றும் தெரியாது. சூர்யாவுக்கோ சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தியேட்டர் வெடித்துச் சிரித்தது அந்த அலுப்புக்குத்தான். அவர் சொல்லும் 'ரிப்பீட்டு' ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான். கூடவே பிரவீன் கே.எல்-இன் எடிட்டிங்கையும் கவனியுங்கள். சுற்று கூடக் கூட, நாம் பார்த்துவிட்ட ஷாட்கள் சுருங்குகின்றன. எதை வெட்டினார், எதை விடாமல் வைத்துக்கொண்டார் என்று பார்ப்பது தனி சுகம்.

இனி விளம்பரம். 'ஜாங்கோ' டைம் லூப் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வந்தது. அப்படிச் சொன்னால் ரசிகன் பரீட்சை திருத்துகிறவனாக வந்து உட்காருகிறான். என் கணிப்பில் அந்தப் படத்துக்கு அதுவே பாரமாகிவிட்டது. 'மாநாடு' அரசியல் பெயரோடும் நாயகன் சிம்புவோடும் வந்தது. 2021 பிப்ரவரி டீசரில் காட்சிகள் பின்னோக்கி ஓடியதும் ரசிகர்கள் நோலனின் 'டெனட்'டை இழுத்தார்கள். அதற்கும் தன் படத்துக்கும் சம்பந்தமில்லை, ட்ரெய்லர் வந்தால் வேறு ஏதாவது படத்தோடு ஒப்பிடுவீர்கள் என்று ட்விட்டரில் இயக்குநரே பதில் சொன்னார். ஒப்பிடும் பழக்கத்தைத் தடுக்காமல் அதையே விளம்பரமாக்கிய சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹாலிவுட்டும் இந்த விளம்பர விஷயத்தில் தடுமாறியிருக்கிறது. 2014-இல் டாம் குரூஸ் நடித்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'வின் போஸ்டரில் 'லிவ், டை, ரிப்பீட்' என்பது துணை வாசகம். டிவிடி அட்டையில் அது படத்தின் பெயரைவிடப் பெரிதாக வந்தது. கதையின் சட்டம்தான் விற்கும் என்பது அவர்களுக்குத் தாமதமாகப் புரிந்தது.

ஆகவே 'ஜாங்கோ'வை முதலில் பாருங்கள், இரண்டு நாள் கழித்து 'மாநாடு'. ட்ரெய்லர்களைக் கடைசியில் வையுங்கள். எதை ஒளித்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ருசி பிடித்துவிட்டால் அடுத்து காலப்பயணப் படங்கள்: 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016). பெரிய நட்சத்திரம் இல்லாத முதல் படம் கால இயந்திரத்தையே நம்பி வந்தது. இரண்டாவதில் சூர்யாவுக்கு (எஸ்.ஜே.சூர்யா அல்ல) மூன்று வேடம். முதல் படத்து நண்பர்கள் அந்த இயந்திரத்தை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். '24'-இன் வாட்ச் மெக்கானிக்கோ காலத்தை நிறுத்தும் கடிகாரத்தைக் காதலுக்கும் பயன்படுத்துகிறான். நம் கையில் கிடைத்தால் இதைத்தான் செய்வோம் என்று எந்தப் படம் உங்களை நம்பவைக்கிறது என்று பாருங்கள்.