ஃபுஸ்தாத் ஏழைகளின் மடல்கள்

கொடுத்தவர்களைப் பற்றிய ஏடுகள் உலகில் எத்தனையோ உண்டு. கல்வெட்டிலும் அறக்கட்டளைப் பத்திரத்திலும் அவர்களுடைய பெயர் நிலைத்து நிற்கிறது. வாங்கியவர்களின் குரலோ அவ்வாறு நிற்பதில்லை. வாங்கிய அன்றே அது காற்றோடு போய்விடுகிறது. அந்தக் குரல் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்து நம் செவியில் விழும் இடம் ஒன்று உண்டு. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எகிப்தில் நிறுவிய ஃபுஸ்தாத் நகரில், பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக் கூடத்தின் அறையே அது. இறைவனின் திருநாமம் தாங்கிய தாளைக் குப்பையில் எறியலாகாது என்னும் பேணுதலால் கிழிந்த வேத ஏடுகளை அங்கே இட்டு வைத்தனர். அவற்றோடு கணக்குச் சீட்டுகளும் சொந்தக் கடிதங்களும் வந்து சேர்ந்தன. அரபெழுத்துள்ள தாள் காலில் பட்டுவிடாமல் எடுத்து ஒதுக்கி வைக்கும் நம் வீட்டு மூதாட்டியருக்கு இந்தப் பேணுதலை விளக்க வேண்டியதில்லை. 1896-97ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்ற தாள்களும் துணுக்குகளும் மட்டும் ஏறத்தாழ 1,93,000.

இக்குவியலை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டவர் கோய்டைன். 'மத்தியதரைக் கடற் சமுதாயம்' என்ற பொருளில் அவர் எழுதிய பெருநூலின் ஐந்து தொகுதிகள் 1967 முதல் 1988 வரை வெளிவந்தன. அவர் தொடங்கி வைத்த வேலையில் ஏழைகளுக்குரிய பகுதியைத் தனியே எடுத்துக் கொண்டவர் பிரின்ஸ்டன் பேராசிரியர் மார்க் கோஹன். இடைக்கால எகிப்தின் யூத சமூகத்தில் வறுமையும் தருமமும் என்பது 2005ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆய்வு நூலின் பொருள். அதே ஆண்டில், மூலக் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, 'ஏழைகளின் குரல்' என்ற கருத்தில் தலைப்பிட்டு மற்றொரு தொகுப்பும் தந்தார். இவ்விரண்டையும் ஒருசேரப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

யூதர் என்ற சொல் செவியில் பட்டதும் 1948க்குப் பிந்திய பலஸ்தீனத் துயரம் நம் நெஞ்சில் எழுவது இயல்பே; அத்துயரம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் அந்த ஒரு நினைவைக் கொண்டே ஃபாத்திமிகள், அய்யூபிகள் காலத்து ஃபுஸ்தாத்தை அளப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. இம்மக்கள் பேசியது அரபு. எழுதியதும் பெரும்பாலும் அரபே. எழுத்து மட்டும் எபிரேயம். தமிழை அரபெழுத்தில் எழுதி, 'அரபுத்தமிழ்' என்று ஓர் இலக்கியமே வளர்த்தவர்களின் பேரர்கள் நாம். ஆகையால் இந்த வழக்கத்தை மற்றவரினும் விரைவாக நாம் புரிந்து கொள்வோம்.

அரபறிந்தவர்க்கு இந்நூல்களில் தனியான ஒரு பயன் உண்டு. கோஹன் திரும்பத் திரும்ப ஆராயும் ஒரு சொல் 'மஸ்தூர்'. மறைக்கப்பட்டவர், திரைக்குள் இருப்பவர் என்பது அதன் பொருள். கையில் ஓரளவு பொருளோடு மானமாக வாழ்ந்து, நோயாலோ கடனாலோ வணிக நட்டத்தாலோ இடறி விழுந்து, அந்த விழுதலை ஊர் அறியாமல் மறைத்துக் கொண்டிருப்பவர் தம்மை அப்படிக் குறித்துக் கொள்கிறார். அவர் வாய்திறந்து கேட்க நேர்வதை 'கஷ்ஃபுல் வஜ்ஹ்', அதாவது முகத்தைத் திறந்து காட்டுதல், என்கின்றன அக்கடிதங்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பத்தி விளக்கம் வேண்டியிருக்கிறது. நம்மிடையே ஊருக்குப் பத்துப் பேராவது அப்துஸ் ஸத்தார்கள் இருக்கிறார்கள். அடியார்களின் குறைகளை மறைப்பவன் என்று இறைவனை அழைக்கும் அப்பெயரின் வேரும் மஸ்தூர் என்பதன் வேரும் ஒன்றே.

கோஹன் வறியோரை இரு வகையாகப் பிரிக்கிறார். என்றென்றும் வறுமையில் கிடப்பவர் ஒரு வகை. இடையில் தாழ்ந்து வறியவரானவர் மற்றொரு வகை. ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களிடமிருந்து பெற்ற இப்பகுப்பு பெரும்பாலும் பொருந்தத்தான் செய்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி வழங்கிய ஃபுஸ்தாத் சமூகத்தின் பட்டியல்கள் கிடைத்துள்ளன. அவற்றில் நிரம்பியிருப்போர் முதல் வகையினர்: இன்னாரின் விதவை, இன்ன தொழிலாளி, குருடர், ரூம் நாட்டிலிருந்து வந்தவர். கடிதம் எழுதியோரில் மிகுதியானவர் இரண்டாம் வகையினர். இதை அவரே கூறுகிறார். அவ்வாறாயின் அந்தத் தொகுப்புக்கு 'ஏழைகளின் குரல்' என்ற தலைப்பு எப்படி முழுதும் பொருந்தும்? எழுதத் தெரிந்தவர், அல்லது எழுதித் தருவாரைத் தேடிப் பிடிக்க முடிந்தவர் பேசினார். பட்டியலில் நின்ற கைம்பெண் பேசவில்லை. அவளைப் பற்றி நாம் அறிவது அவள் பெற்ற ரொட்டியின் எண்ணிக்கையை மட்டுமே. நூலில் நாம் காணும் பெருங்குறை இதுதான்.

தருமத்தின் முறையைப் பற்றி அச்சமூகத்தில் ஆழமாக எழுதியவர் அதே நகரில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன். குர்துபாவில் பிறந்து, சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காளி அல்ஃபாளிலுக்கு மருத்துவராயிருந்து, 1204இல் மறைந்தவர். தம் சட்டப் பெருநூலில் ஈகைக்கு எட்டுப் படிகள் வகுத்தார். திருக்குர்ஆன் ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரைக் கூறுவது நாம் அறிந்ததே. எண் ஒன்றாயினும் நோக்கு வேறு. அங்கே யாருக்குக் கொடுப்பது என்பது வரையறுக்கப்படுகிறது. இங்கே எப்படிக் கொடுப்பது என்பது தரம் பிரிக்கப்படுகிறது. முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. கடனாகவோ கூட்டு வணிகமாகவோ வேலையாகவோ தந்து, ஒருவர் பிறரிடம் கையேந்தும் நிலைக்கே வாராமல் தாங்கிப் பிடிப்பது முதற்படி. மஸ்தூர்களின் கடிதங்களைப் படித்த பின் இந்த வரிசையைப் பார்த்தால், இது ஏட்டறிவில் மட்டும் பிறந்ததன்று என்று தோன்றுகிறது.

ஆனால் அந்நகரின் நடைமுறை அப்படியா இருந்தது? இன்னார் இவ்வளவு தருவதாக ஒப்புக்கொண்டார் என்று சபையில் எழுதிய பட்டியல்கள் இருக்கின்றன. பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல்களும் இருக்கின்றன. கணக்கு நேர்மையாயிருக்க வேண்டுமானால் பெயர் எழுதத்தான் வேண்டும். பெயர் எழுதினால் திரை விலகிவிடும். இந்த முடிச்சு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பதே மேல் என்று நம் வேதம் அறிவித்திருந்தும், 2008ஆம் ஆண்டு ரமளானில் இந்தோனேஷியாவின் பசுருவான் நகரில் ஒரு செல்வரின் வாசலில் ஜகாத் பெறத் திரண்ட கூட்டத்தில் நசுங்கி 21 பெண்கள் இறந்தனர். அறிவித்து, கூட்டி, நிற்க வைத்துக் கொடுத்ததன் விலை அது.

வக்ஃபை ஒத்த அறக்கொடை அவர்களிடமும் இருந்தது. 'ஹெக்தேஷ்' என்பர். வீடுகளின் வாடகை வரும். அதில் பெரும்பகுதி பழுதுபார்ப்புக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் போய்விடும். வக்ஃபு நிர்வாகக் கணக்கைப் பார்த்துப் பழகிய நம்மவர் இதற்கு வியக்க மாட்டார்கள்.

உள்ளூர் ஏழையா, வெளியூர் ஏழையா என்ற வழக்கு எல்லாச் சமூகத்திலும் உண்டு. தன் ஊரின் ஏழைக்கே முதலிடம் என்பது யூதச் சட்டம். சிறைப்பட்டவரை மீட்பது ஏழைக்கு உணவளிப்பதினும் முந்தியது என்பதும் அதே சட்டம். 1099இல் சிலுவைப் போர் வீரர் பைத்துல் முகத்தஸைப் பறித்தபோது முஸ்லிம்களோடு யூதர்களும் வெட்டுண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். அவர்களையும், கொள்ளை போன வேத ஏடுகளையும் மீட்கப் பணம் திரட்டியது பற்றி அஸ்கலான் நகரப் பெரியவர்கள் எகிப்துக்கு எழுதிய மடல் இன்றும் இருக்கிறது. 1168இல் பில்பைஸ் நகரைச் சிலுவை வீரர் சூறையாடியபோது கைதிகளை மீட்க நிதி கேட்டு எழுதியவர் இப்னு மைமூனே. மீட்புப் பணத்தின் வழக்கமான அளவு மூவருக்கு 100 தீனார். எளிய குடும்பம் ஒன்று மாதம் இரண்டு தீனாரில் வாழ்ந்த காலம் அது. அதாவது ஒரு கைதியின் விடுதலை, ஒரு குடும்பத்தின் ஏறத்தாழ பதினேழு மாதச் சோறு. இரண்டும் ஒரே மக்களின் பையிலிருந்துதான் வந்தாக வேண்டும். கைதிகளைப் பற்றியும் அயலூர் ஏழைகளைப் பற்றியும் கோஹன் விரிவாகவே எழுதியுள்ளார். ஆனால் கடலுக்கப்பால் போன தீனாரும் செவ்வாய்க்கிழமை ரொட்டியும் ஒன்றோடொன்று மோதிய இடத்தை இன்னும் அழுத்திப் பேசியிருக்கலாம் என்பது நம் கருத்து.

இனி நமக்குச் சற்றுக் கசக்கும் செய்தி. இக்கடிதங்களில் உணவும் உடையும் கேட்டவர்கள் இருப்பதைப் போலவே, ஜிஸ்யா கட்டப் பணம் கேட்டவர்களும் நிரம்ப இருக்கிறார்கள். வசூலிப்போருக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒளிந்து கிடந்தவர்களும், கட்டாததால் சிறை சென்றவர்களும் எழுதுகிறார்கள். முன்னர் அவ்வரியை அத்துணைப் பெரிய சுமையாக எண்ணாத கோய்டைன், இச்சான்றுகளைக் கண்டு தம் கருத்தை மாற்றிக் கொண்டார். இரந்து நின்ற முதிய குருடரான யூதரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவி, வரியினின்று விலக்கி, பைத்துல்மாலிலிருந்து படி அளக்கச் செய்த வரலாற்றை நம் மேடைகள் பெருமையோடு சொல்லும். அதைப் பதிவு செய்தவர் இமாம் அபூயூசுஃப். வக்கற்றவரிடம் ஜிஸ்யா பெறலாகாது என்று கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதியவரும் அவரே. சட்டம் அவ்வாறு எழுதப்பட்டிருந்தது. சில நூற்றாண்டுகள் கழித்து, முஸ்லிம் ஆட்சியில், ஓர் ஏழை தன் வரிக்காகத் தன் இனத்தாரிடம் முகத்தைத் திறக்க நேர்ந்தது. முன்னதைச் சொல்லும் நாவு பின்னதையும் சொல்லக் கடமைப்பட்டது. கோஹன் இதை நம் மீது வசைபாடும் கருவியாக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் யூதர் பட்ட பாட்டை இஸ்லாமிய நாடுகளின் நிலையோடு நிறுத்தி எடைபோட்டு 1994இல் தனி நூல் எழுதியவர் அவர்.

இப்னு மைமூனுக்குப் பின் சமூகத் தலைமை ஏற்ற மகன் இப்ராஹீம், ஸூஃபியாக்களை வெளிப்படையாகப் போற்றியவர். ஏழைகளுக்குப் பணம் வழங்கும்படி அவர் தம் கைப்படக் கொடுத்த உத்தரவுச் சீட்டுகளும் அக்குவியலில் கிடைத்துள்ளன. ஆங்கிலம் வழியாகவன்றி நேரே அவற்றைப் படிக்க விரும்பும் அரபுக் கல்லூரி மாணவர் கூடுதலாகக் கற்க வேண்டியது எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டுதான். அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றி ஓதும் ஒருவருக்கு அது ஒரு மாத வேலைக்கு மேல் இராது.