அண்ணன் வண்டி அச்சு, தம்பி வண்டிக்கு

புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஒருவருக்கு, பின்பக்கத்தைச் சறுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் கார் கட்டும் ஆசை வந்தால், கைக்கு எட்டும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ள வேண்டும் என்ற நிபந்தனையிலேயே நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை கழிந்துவிடும். மிஞ்சுவது அம்பாசடர், காண்டெஸ்ஸா, ஆம்னி, பழைய பி.எம்.டபிள்யூ. பி.எம்.டபிள்யூ என்றதும் மலைக்க வேண்டாம். 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் 3 சீரிஸ் பூட்டுகிறார்கள். திண்டிவனம் வழியாகச் சென்னை போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள்.

வண்டி வந்ததும் அடுத்த பேச்சு பின் அச்சைப் பற்றித்தான். இதைக் கழற்றிவிட்டு வேறு மாடலின் அச்சைப் போடலாம், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும் என்பார்கள்.

இந்தப் பழக்கத்தைக் கோமாளித்தனம் என்று ஒதுக்க முடியாது. 1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா ஏ.இ.86 டிரிஃப்டின் மூல விக்கிரகம். அதே உடம்போடு 1.5 லிட்டர் எஞ்சினில் வந்த ஏ.இ.85-க்கு நோஞ்சான் டிஃபரன்ஷியல். ஆகவே ஏ.இ.85 வைத்திருந்தவர்கள் 86-இன் பின் அச்சை அப்படியே தூக்கிப் போட்டார்கள். அச்சைப் பிடிக்கும் கைகள் மாட்டும் இடம் இரண்டிலும் ஒன்றுதான். அறுக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். நிறுவனம் ஏற்கெனவே போட்ட கணக்கை நாம் கடன் வாங்குகிறோம், அவ்வளவுதான். 1990-களின் பி.எம்.டபிள்யூ இ36-இலும் நான்கு சிலிண்டர் வண்டியின் டிஃபரன்ஷியலில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் விட்டம் 168 மில்லிமீட்டர், ஆறு சிலிண்டருடையது பெரும்பாலும் 188. தாங்கும் சக்தி எதில் கூடுதல் என்று சொல்லத் தேவையில்லை.

பல் விகிதத்திலும் லாபம் உண்டு. கிரவுனைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனில் 10 பல், கிரவுனில் 39 பல் இருந்தால் விகிதம் 3.9. அந்த ஜோடியை எடுத்துவிட்டு 10-க்கு 43 பல் உள்ள ஜோடியைப் போட்டால் 4.3, சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். எஞ்சினைத் தொடாமலே கிடைக்கும் இந்தப் பத்து சதவீதம், சோனி எஞ்சினோடு சறுக்க நினைப்பவருக்குப் பெரிய வரம். உச்ச வேகம் ஏறத்தாழ அதே அளவு குறையும், அது டிரிஃப்டுக்கு ஒரு பொருட்டல்ல. கியர்பாக்ஸிலிருந்து ஓடும் பழைய ஸ்பீடோமீட்டர் மட்டும் 60-இல் போகும்போது 66 காட்டும்.

சிக்கல் வருவது பொருந்தாததைப் பொருத்தும்போது. ஆம்னியிலும் அம்பாசடரிலும் பின் அச்சு லீஃப் ஸ்பிரிங் பட்டையின்மேல் உட்காருகிறது. வேறு குடும்பத்து அச்சு வந்தால், பட்டை உட்காரும் மேடையை அறுத்து இன்னோர் இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் அச்சுக்குழாய் மயிரிழை கோணினாலும் பேரிங் ஒருபக்கமாகத் தேயும். மேடையின் கோணம் பிசகினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனை ஜாயிண்டுகளும் ஒத்துப்போகாமல் வண்டி அதிரும். அச்சு நீளமாக இருக்கிறதென்று லேத்தில் வெட்டிப் புதிதாகப் பல் போடுவது இன்னும் மோசம். ஷாஃப்டின் மேல்தோல்தான் கடினமாக்கப்பட்டது. அதைச் சீவிவிட்டு உள்ளிருக்கும் மெத்தென்ற இரும்பில் பல் வெட்டுகிறோம். மறுபடி பதப்படுத்தாவிட்டால் கிளட்சை உதைத்து விடும் முதல் சில தடவைகளிலேயே அது முறுக்கிக்கொள்ளும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசிப் பழக்கப்பட்டவை; ஜோடி எண்ணே பொறித்திருப்பார்கள். ஒன்றின் கிரவுனை இன்னொன்றின் பினியனோடு சேர்க்கக் கூடாது. ஜோடி சரியாக இருந்தாலும், பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பற்களுக்கிடையே உள்ள இடைவெளி 0.15 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்று மூடினால், ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும்போது பல் பாதி போயிருக்கும்.

டிஃபரன்ஷியலின் உள் பற்களை வெல்டிங் வைத்துப் பூட்டுவதற்கும் ஆதரவாளர்கள் உண்டு. காசு மிச்சம், இரு சக்கரமும் எப்போதும் ஒன்றாகச் சுற்றும், தேய பிளேட்டுகள் இல்லை. மூன்றும் உண்மை. ஆனால் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டே சக்கரத்தின் பாரத்தையும் தாங்கும் அச்சுகளில், ஒவ்வொரு திருப்பத்தின் இழுபறியும் அந்த ஷாஃப்டில்தான் இறங்குகிறது. பேரிங்குக்கு வெளியே அது உடைந்தால் சக்கரம் தனியே ஓடிவிடும்.

இத்தனை பேச்சிலும் யாரும் கேட்காத கேள்வி பிரேக். புதிய அச்சோடு பெரிய டிஸ்க் வருகிறது. மாஸ்டர் சிலிண்டர் பழையது. முன்பின் பங்கு குலைந்து, ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். களத்தில் வேண்டி விரும்பி வரவழைக்கும் சறுக்கல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேட்காமலே வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முத்தியால்பேட்டைப் பக்கம் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் தப்பலாம் என்பது வீண் நம்பிக்கை. இது மத்தியச் சட்டம், டி.என். 16-க்கும் பி.ஒய். 01-க்கும் ஒன்றுதான்.

ஆகவே ஒரே குடும்பத்து அச்சை பிரேக்கோடு முழுசாக மாற்றி, வண்டியை லாரியில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் புதுப்பேட்டை விலையோடு லாரி வாடகையையும் சேர்த்து எழுதட்டும். மலிவு என்ற வாதம் அதற்குப் பிறகும் நின்றால் தாராளமாகக் கட்டட்டும்.