எழுத்து போடும் நேரம்

“எழுத்து போடுறதுக்குள்ள உள்ள போயிடணும்” என்று தியேட்டர் வாசலில் அவசரப்படுத்துவார் அப்பா. அந்த எழுத்துதான் பாதிப் படம் என்பது எனக்கும் உறைத்தது, பள்ளிக்கூடப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகு. 1955-இல் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ பெயர்கள் ஓடும்போதே பில் ஹேலியின் ராக் பாட்டை அலறவிட்டது. இளசுகள் தியேட்டரிலேயே ஆடினார்கள்.

என் ஓட்டு ஜான் ஹியூஸின் ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’புக்கு (1985). கறுப்புத் திரை, அதில் டேவிட் போவியின் பாட்டு வரிகள், திடீரென்று திரையே கண்ணாடியாகச் சிதறும். பின்னால் பள்ளி. அப்புறம் ஆளில்லாத இடங்கள், ஒரு மாணவனின் குரல். யாரும் வருவதற்கு முன்பே எல்லோரையும் தெரிந்துவிடுகிறது.

இதையே கேரள மலைப்பகுதியில், வண்டிப்பெரியார் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். அந்தப் படத்துப் பள்ளி லாக்கருக்குப் பதில் இங்கே பெஞ்சு: காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள், ஒன்று தமிழில், பக்கத்தில் மலையாளத்தில். வராந்தாவுக்குள் மூடுபனி தானாகவே வந்து உட்கார்ந்தது. அதற்கு ஹாலிவுட்காரன் காசு கொடுக்க வேண்டும்!

கண்ணாடிதான் படுத்தியது. கரி பூசி, கல்லெறிந்து, போனில் வினாடிக்கு 240 ஃபிரேமில் பிடித்தோம். அதை 24-இல் ஓட்டினால் ஒரு வினாடி பத்து வினாடியாகும். முதல் கல் குறி தவறியது. இரண்டாவது சரியாக விழுந்தது, கல்லெறிந்த பையனின் நிழலும் சேர்ந்து விழுந்தது.

நீங்கள் முயன்றால், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.