பல்லாவரம் சந்தையில் பாக்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். அங்கே பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் ஓடாத கடிகாரம், ஓடினாலும் ஓடும் மிக்சி, ரோஜாச் செடி என்று எல்லாம் கிடைக்கும். இசைத்தட்டுப் பைத்தியங்கள் இவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எல்.பி. அடுக்கைக் கண்டதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சினிமாத் தட்டுகளுக்கு நடுவே இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தலைகாட்டினால் அன்று யோகம்தான்.

1986-இல் வந்த ஆல்பம் அது. கேசட் கொடிகட்டிப் பறந்த காலம் என்பதால் பல வீடுகளுக்கு அது நாடாவாகவே போய்ச் சேர்ந்தது; தட்டு அரிது. அதற்காக உறையைப் பார்த்து மயங்கக் கூடாது. தட்டை உருவி வெயிலுக்குச் சாய்த்தால் கீறல் தெரியும். கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பை நோக்கினால் வளைந்திருக்கிறதா என்பது புரியும். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் மண்டியிருந்தால் முன்னவர் அதை ஓட்டித் தேய்த்திருக்கிறார். பூஞ்சையைக் கழுவிவிடலாம், கீறலுக்கு மருந்தில்லை.

தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையான ஆல்பம் இது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைத்தொகுப்பின் முன்னிசை மூச்சுவிடாமல் ஓடுகிறது. பொடிப்பொடி ஸ்வரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, நெளிவே இல்லாமல். அதன் மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் கமகத்தோடு வழுக்கிக்கொண்டு வருகிறது. ஒன்று எண்ணி எண்ணி நடக்கிறது, மற்றது மிதக்கிறது, இரண்டும் இடித்துக்கொள்வதில்லை.

'மேட் மாட் மூட் ஃபியூக்' இன்னும் துணிச்சலானது. ஃபியூக்கில் ஒரு குரல் தொடங்கிய பல்லவியை அடுத்த குரல் வேறு சுருதியில் வாங்கிக்கொள்ளும். முதல் குரலும் ஓயாது. ராகத்துக்கு இது வில்லங்கம். சுருதி மாறி எடுக்கும்போது அந்நிய ஸ்வரம் நுழைந்தால் ராகம் கலைந்துவிடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதிவிடுகிறவருக்குத்தான் இந்த விளையாட்டு சாத்தியம்.

எழுபதுகளில் ஜான் மெக்லாக்ளின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த 'சக்தி' குழுவின் வழி வேறு. அங்கே ஜாஸ் மரபுப்படி மேடையிலேயே பிறக்கும் கற்பனைக்கு முதலிடம். அந்தச் சூடு இளையராஜாவின் தட்டில் இல்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் கட்டுமானத்தின் அழகைச் 'சக்தி'யிடம் எதிர்பார்ப்பதும் வீண்.

'ஹவ் டு நேம் இட்?' இசையை இயக்குநர் பாலு மகேந்திரா தன் 'வீடு' படத்துக்குப் பின்னணியாக எடுத்தாண்டார். பாட்டே இல்லாத படம். கடன் வாங்கிச் செங்கல் அடுக்கிய புறநகர்க்காரர்களுக்கு, வீடு கட்டத் திண்டாடும் அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, பலர் மனத்தில் இது சோக இசையாகவே தங்கிவிட்டது. படத்தை மறந்து தட்டைச் சுழலவிட்டால் இதற்குள் இருக்கும் குறும்பு பிடிபடும்.

இந்த ஆல்பம் வந்து இரண்டு ஆண்டு கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. மெருகு அதில் கூடுதல். சந்தையில் இரண்டும் அகப்பட்டால் பேரம் பேசாமல் வாங்கலாம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பாக் வந்து போன தட்டை எடுப்பதே உத்தமம்.