'தேசிய வகை' என்னும் மொழிபெயர்ப்பு

கோல சிலாங்கூர் வட்டாரத்தின் ராஜா மூசா, துவான் மீ போன்ற தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் மலாய்ப் பெயரில் வரும் 'ஜெனிஸ் கெபாங்சான்' என்பதை நாம் 'தேசிய வகை' எனப் பெயர்த்துள்ளோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் தேசியப் பள்ளியையும் தேசிய வகைப் பள்ளியையும் பிரிப்பது பயிற்றுமொழியே: முன்னதில் மலாய், பின்னதில் தமிழ் அல்லது சீனம். தமிழில் 'வகை' இவ்வேறுபாட்டைச் சுட்டவில்லை. 'தேசியப் பள்ளிகளுள் ஒரு வகை' என்றோ, 'தேசியப் பள்ளியைப் போன்றது' என்றோ அது பொருள்படுகிறது. பிந்திய பொருள் நம் பள்ளியை ஒருபடி தாழ்த்துவது. (மலாய்ச் சொல்லிலும் இச்சாயல் உண்டு.) ஆயினும் 'வகை'யை விலக்குவதை நாம் ஏற்பதற்கில்லை, விலக்கினால் சட்டம் பிரித்தவற்றை மொழிபெயர்ப்பு ஒன்றாக்கிவிடும். ஆவணங்களில் 'தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தேசிய வகைப் பள்ளி' என ஒருமுறை விரித்தெழுதிவிட்டு, பிற இடங்களில் மக்கள் வழங்கும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்பதையே ஆளலாம்.