வீரமாமுனிவரின் தமிழ்க் கல்வி: ஒரு மறுநோக்கு

அயன்மொழியைக் கற்பான் அம்மொழியினர் பண்பாட்டில் முற்றும் தோய்ந்து, தன் பிறப்புவழிப் பழக்கத்தை மறந்தாலன்றிப் புலமை எய்தான் என்பது பலர் துணிபு. இதற்குச் சான்றாக இத்தாலியினின்று போந்த வீரமாமுனிவரைக் (1680–1747) காட்டுதல் மரபாகிவிட்டது. அச்சான்று அத்துணிபைத் தாங்குமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தேம்பாவணியின் (1726) நாட்டுப்படலத்தில் யூதேயா, நீர்வளம் மிக்க மருதநிலமாகவே விளங்குகிறது. இதனைப் பண்பாட்டுத் தோய்வின் பயன் எனப் போற்றுவர். யாம் அங்ஙனம் கருதுகிலேம். சிந்தாமணியும் கம்பர் காப்பியமும் வகுத்த தடத்தில் புலவரைத் தடமே நடத்திச் செல்கிறது. நாட்டு வருணனை காப்பிய உறுப்பு. மெய்ந்நிலத்தைக் காட்டுதல் அதன் கடனன்று எனின், அது உண்மையே. ஆயின் அது மரபு கற்ற திறத்துக்குச் சான்றாகுமேயன்றிப் பண்பாடு கற்றமைக்குச் சான்றாகாது.

பெயராக்கமோ வேறு வகைத்து. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் பெருக்கப் பொருளை உட்கொண்டு 'வளன்' என்றும், யோவான் என்பதன் அருட்பொருளை உட்கொண்டு 'கருணையன்' என்றும் அமைத்தார். இங்கு இரு மொழிகளும் அவர் உள்ளத்தில் ஒருங்கே விழித்திருக்கின்றன. ஒன்றை மறந்தவர்க்கு இஃது இயலாது.

எழுத்துத் திருத்தத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாம். குற்றெழுத்தாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஓலையில் புள்ளியிடாது எழுதும் வழக்கமே பெரிதும் நிலவிற்று. தமிழ் பேசி வளர்ந்தார்க்கு அதனால் இடர் சிறிது. சொல்லை முன்னரே அறிந்தவர், குறிலோ நெடிலோ என்பதை இடம் நோக்கி உணர்வர். சொல்லை ஏட்டில் முதன்முறை காணும் அயலானுக்கு அத்துணையில்லை. முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். இன்று நாம் எழுதும் ஏகார ஓகாரங்கள் அவ்வழி வந்தன. தாய்மொழியாளர் குறையென உணராததை அயன்மையே அவர்க்குக் காட்டிற்று என்க.

சதுரகராதியும் (1732) அத்தகையதே. முதலெழுத்து அடைவு தமிழர்க்குப் புதிதன்று; இரேவணசித்தர் 1594-இல் அகராதி நிகண்டு செய்தார். எனினும் நிகண்டு மனப்பாடத்திற்குரிய செய்யுள் நூல். மனப்பாடம் இல்லாதான் வேண்டுஞ் சொல்லைத் தேடி எடுத்தற்கு, சீர்பெற்ற அகரவரிசையும் உரைநடையும் வேண்டின. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுப்பில் பழைய நிகண்டு மரபு தங்கியிருத்தலும் நோக்கத்தக்கது. அவர் மரபைத் துறந்தாரல்லர்.

இவற்றினும் ஆழ்ந்து கருதற்பாலது, அவர் இலத்தீனில் கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்கள் யாத்தமை. தமிழ் கற்பான் பேச்சும் ஏடும் என இரண்டைக் கற்க வேண்டியிருத்தலை அவர் தெளிய உணர்ந்தார். நம் இலக்கணிகள் பேச்சு வழக்கைத் தனிநூலுக்கு உரியதாகக் கொள்ளாத காலம் அது. புதிதாக வந்த குருமார்க்கென எழுதிய கொடுந்தமிழ் நூலை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேற்றியவர், சமயத்தால் அவரொடு மாறுபட்ட லுத்தரர்கள் என்பதும் சுவைக்கத்தக்க செய்தி. செந்தமிழ் நூலோ 1822-இல் பாபிங்டன் செய்த ஆங்கிலப் பெயர்ப்பாகவே சென்னையில் வெளிவந்தது. பேச்சுத்தமிழ் இலக்கணமே அச்சுக்கு முந்திற்று. கற்பார் முதலில் நாடியது அதுவே போலும்.