மீனெறி தூண்டில்: கையறிவும் உவமையும்

உவமை என்பது அறியாத ஒன்றை அறிந்த ஒன்றைக் கொண்டு விளக்குவதாகும். வினை, பயன், மெய், உரு என உவமை தோன்றும் வகை நான்கு என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இந்நான்கும் வகுப்பறையில் தவறாது கற்பிக்கப்படுகின்றன. எனினும், உவமையாக வந்த பொருளைக் கற்பவன் கண்டிருக்கிறானா, கையால் தொட்டிருக்கிறானா என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. உவமைத்தொடரும் அதன் பொருளும் பட்டியலாக மனனம் செய்யப்படுகின்றன. அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்க வந்த உவமை, தானே விளக்கம் வேண்டி நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. இக்குறையை ஆராய்வதற்குக் குறுந்தொகையின் 54ஆம் பாட்டு மிகவும் ஏற்றது.

அப்பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. தாம் கையாண்ட உவமையாலேயே அவர் மீனெறி தூண்டிலார் என்று பெயர் பெற்றார். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்று தொடரால் பெயர் பெற்ற புலவர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அவர். ஒரு மனிதரின் பெயரையே மறைத்துவிட்டுத் தான் நிலைபெற்ற உவமை எத்தகைய ஆற்றல் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது எண்ணத்தக்கது.

பாட்டின் பொருள் எளியது. தலைவி தன் நிலையைக் கூறுகின்றாள். தினைப்புனம் காப்போர் கவண் வீசும் ஒலி கேட்டு அஞ்சிய காட்டு யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைக் கைவிடுகின்றது. விடுபட்ட மூங்கில், மீனைப் பிடிக்கும் தூண்டிலைப் போல மேலே உயர்கின்றது. அத்தகைய காட்டு நாட்டுக்கு உரிய தலைவனோடு என் நலன் அங்கே போய்விட்டது. நானோ இங்கே இருக்கின்றேன் என்பது அவள் கூற்று. குறிஞ்சித் திணைப் பாட்டில் நீர்நிலையோரத்துத் தொழில் ஒன்று உவமையாக வந்துள்ளது. மூங்கிலின் தோற்றமும் தூண்டிற்கோலின் தோற்றமும் ஒத்திருப்பினும், புலவர் சுட்டியது தோற்றத்தை அன்று; உயரும் செயலை. எனவே இது வினையுவமம் என்பதில் ஐயமில்லை.

ஐயம் எழுவது வேறோர் இடத்தில். தூண்டிற்கோல் மேலே உயர்வது எப்போது? மீன் அகப்பட்டபோதா, அன்றி அகப்பட்ட மீன் தப்பியபோதா? மீனைக் கவர்ந்த தூண்டில் என்று பொருள் கூறுவதே பொதுவழக்கு. நூலறிவு மட்டும் உடையவர்க்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். தூண்டில் பிடித்த கைக்கு இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள்.

கிள்ளானுக்கு வடக்கே, கண்டல் காடுகளை ஒட்டிய கடலோரத்தில் அமைந்த காப்பார் போன்ற ஊர்களில் இவ்வினாவுக்கு விடை கூறவல்ல சிறுவர் உளர். செம்பனைத் தோட்டங்களின் நீர்க்கால்களில் மண்புழுவைக் கோத்துக் கெளுத்திக்கும் விராலுக்கும் காத்திருந்த கைகள் அவை. சிறுமீன் கடித்தவுடன் கோலைச் சுண்டினால், மீன் கோலோடு உயர்ந்து கரையில் விழும். பெரிய விரால் கடித்தால் கோல் உயராது, வளைந்து நிற்கும். நரம்பு அறுந்தாலும் முள் கழன்றாலும் கோல் சட்டென்று நிமிரும். இவ்வேறுபாட்டைக் கையால் உணர்ந்த மாணவன் குறுந்தொகைப் பாட்டின் முன் அமரும்போது, அவன் அறிந்ததை எவரும் கேட்பதில்லை என்பதே வருந்தத்தக்கது.

தூண்டில் பிடிப்பதைச் சங்கப் புலவர் மேலோட்டமாகக் கண்டவர் அல்லர் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை சான்றாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், மீன் பிடிப்பதில் வல்ல பாண்மகன் ஒருவன் வருகின்றான். இரையாகிய பச்சை ஊனைத் தோற்பையில் இட்டுத் தோளில் கொண்டவன் அவன். நெடிய மூங்கிற்கோலின் தலையில் நாணை இறுகக் கட்டியிருக்கின்றான். பிளந்த வாயை உடைய வாளைமீன் ஒன்று இரையை மட்டும் கவ்விக்கொண்டு, வளைந்த இரும்பு முள்ளை வெறுமையாக விட்டுச் செல்கின்றது. அதன்பின் அம்மீன் நீரருகே நிற்கும் பிரம்பின் நடுங்கும் நிழலைக் கண்டும் அஞ்சுகின்றது. தூண்டிலுக்குத் தப்பிய மீன் கோல் போன்ற எதனையும் அஞ்சும் என்பதும், நிழல் நீரில் விழுந்தால் மீன் விலகும் என்பதும் பலநாள் கரையில் நின்றவர் மட்டுமே அறியக்கூடியவை. இங்கே பாடப்பெற்றது பிடிபட்ட மீன் அன்று, தப்பிய மீன் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆயினும், இக்கலையைப் பாண்மகன் எவ்வாறு கற்றான், எத்தனை மீன்களை இழந்தபின் தேர்ந்தான் என்பதைச் சங்க நூல்கள் கூறவில்லை. அது அவற்றின் நோக்கமும் அன்று. கற்கும் முறையையே பொருளாகக் கொண்டு எழுந்த நூலைக் காண வேண்டின் ஆங்கில இலக்கியத்தை நோக்க வேண்டும். ஐசக் வால்டன் 1653இல் தூண்டிற்கலை பற்றிய தம் புகழ்பெற்ற உரையாடல் நூலை வெளியிட்டார். அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் அவருடைய இளைய நண்பர் சார்லஸ் காட்டன் இரண்டாம் பகுதியைச் சேர்த்தார். தெளிந்த ஓடைகளில் டிரவுட், கிரேலிங் ஆகிய மீன்களைச் செயற்கைப் பூச்சி கொண்டு பிடிக்கும் முறையை அப்பகுதி கற்பிக்கின்றது. டவ் ஆற்றங்கரையில் ஆசான் ஒருவர் வழிப்போக்கன் ஒருவனுக்குக் கற்பிப்பதாக அது அமைந்துள்ளது.

கிரேலிங் குளிர்நாட்டு மீன். முதுகில் பாய்போல் விரியும் பெருந்துடுப்பும் சிறிய வாயும் உடையது. டிரவுட் இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் முட்டையிடுவது. அக்காலத்தில் அதனைப் பிடித்தல் இங்கிலாந்தில் விலக்கப்பட்டுள்ளது. கிரேலிங்கோ இளவேனிலில் முட்டையிடுவதால், கடுங்குளிரில்தான் நல்ல உடல்நிலையில் இருக்கும். ஆகவே உறைபனி படிந்த கரையில் விரல் மரத்துப்போக நின்று கற்க வேண்டிய கலை இது. குளிர்ந்த நீரில் மீனின் உடலியக்கம் தளர்கின்றது. அது இரையைத் துரத்தி வாராது. ஆற்றின் அடிமட்டத்தில் கூட்டமாக நின்று, நீரோட்டம் கொண்டுவரும் சிறு பூச்சிகளையே வாய்திறந்து ஏற்கும். எனவே பூச்சி அடிமட்டம்வரை இறங்க வேண்டும்; நரம்பு இழுக்காமல் நீரோடு நீராகச் செல்லவும் வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், இறகு இழைகளைச் செப்புக் கம்பியால் சுற்றி மூழ்கும் பூச்சிகளை அமைத்தது இத்தேவையை நிறைவு செய்தது. மீன் கடிக்கும்போது வலிய இழுப்பு தோன்றாது. நரம்பு ஒரு கணம் நின்றதுபோல் தோன்றும், அவ்வளவே. அதனைக் கண்டுகொள்ளப் பழகுவதே கற்பவனின் முதற்பாடம்.

காட்டன் காட்டும் கருவி தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்கும். ஐந்தாறு கெச நீளமுள்ள கோல். அதன் நுனியில் கட்டிய குதிரைமயிர் நரம்பு. முள்ளருகே இரண்டே மயிரிழை. நரம்பைச் சுற்றும் உருளை இல்லை. பெரும்பாணாற்றுப்படையின் பாண்மகன் கையில் இருந்ததும் கோலின் தலையில் நாண் கட்டிய இத்தகைய கருவியே. மெல்லிய நரம்போடு தொலைவில் நின்று எறிய வேண்டும் என்று காட்டன் விதியாகக் கூறுவதும், பிரம்பின் நிழலுக்கு வாளை அஞ்சியதாக உருத்திரங்கண்ணனார் காட்சியாகக் கூறுவதும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள். ஒன்று கற்பிக்கும் நூல். மற்றொன்று கற்றவன் அருகே நின்று கண்ட கவிதை.

காட்டனின் நூலுக்குள்ள தனிச்சிறப்பு, கற்பவனின் தோல்வியை அது மறைக்காமையாகும். மாணவன் நரம்பை அறுத்துக்கொண்டு முள்ளையும் மீனையும் ஒருசேர இழக்கும் இடம் அதில் உண்டு. இரண்டு மயிரிழையில் பெருமீனைத் தாங்குபவன் அதனை இழுத்து வெல்ல முடியாது. கோல் வளைந்து கொடுக்க வேண்டும். வளைவே மீனின் வலிமையைத் தாங்குகின்றது. அவ்வளைவில் அடங்கிய விசை, மீன் விடுபட்ட அக்கணத்தில் கோலை மேலே வீசுகின்றது. குளிர்காலக் கரையில் முதன்முதலாக மீனை இழந்தவன் காண்பது, தன் கையில் சட்டென்று நிமிர்ந்து நடுங்கும் வெறுங்கோலைத்தான்.

இவ்வறிவோடு குறுந்தொகைக்குத் திரும்பினால் பாட்டு வேறோர் ஒளி பெறுகின்றது. யானையின் பிடியில் வளைந்து நின்ற மூங்கில், பெருமீனைத் தாங்கி வளைந்து நின்ற கோலுக்கு இணையாகின்றது. யானை கைவிட்டதும் மூங்கில் நிமிர்கின்றது. மீன் கழன்றதும் கோல் நிமிர்கின்றது. மீனோடு கோலை உயர்த்தும்போது மனிதனின் கை இறுகப் பற்றுகின்றது. பாட்டிலோ கை பற்றவில்லை; விட்டுவிடுகின்றது. கைவிடுதல் என்னும் சொல் யானையின் செயலைக் குறிப்பதோடு, தலைவன் தலைவியைத் துறந்த செயலையும் உள்ளடக்கி நிற்கின்றது. யானை அஞ்சியது தாக்குதலுக்கு அன்று, கவணின் ஒலிக்கு. தலைவனும் ஊரார் பேச்சுக்கும் காவலுக்கும் அஞ்சி விலகினான் எனக் கொள்ளலாம். அவ்வாறாயின், நிமிர்ந்த மூங்கில் வெற்றியின் அடையாளம் அன்று, இழப்பின் அடையாளம்.

இதற்கு மறுப்பும் உண்டு. எறி என்னும் வினை வீசுதலையும் உணர்த்துவதால், மீனை மேலே வீசும் தூண்டில் என்று கொள்வதே நேரிது என்பர். தலைவியின் நலன் அவளை விட்டு நீங்கித் தலைவனிடம் சேர்ந்தது, மீன் நீரை விட்டு நீங்கிப் பிடித்தவனிடம் சேர்ந்ததற்கு ஒப்பாகும் என்றும் அவர்கள் கூறலாம். இவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. நான் இங்கே, என் நலன் அங்கே என்னும் பிரிவுக்கு அது பொருந்தவும் செய்கின்றது. ஆயினும் கைவிட்டதனால் உயரும் மூங்கிலுக்குக் கையால் உயர்த்தப்படும் கோல் முழுமையாக ஒவ்வாது. வினையுவமத்தில் வினையே முதன்மை என்னும் விதியின்படி, வெறுங்கோல் என்னும் பொருளே வலிமை உடையது. இரு பொருளையும் சீர்தூக்கும் தகுதியைத் தருவது அகராதி மட்டும் அன்று. கையறிவும் ஆகும் என்பதே இங்கு நிறுவ வேண்டுவது.

திருக்குறளின் சூது அதிகாரத்திலும் இவ்வாறே ஓர் உவமை உண்டு. சூதில் பெற்ற வெற்றி, மீன் தூண்டிற்பொன்னை விழுங்கியது போன்றது என்பது 931ஆம் குறள். பொன் என்பது இங்கே இரும்பு. இரையில் மறைந்த முள்ளை மீன் இரையென்று விழுங்குகின்றது என்பது பரிமேலழகர் உரை. காட்டன் கற்பிக்கும் கலையில் உண்ணத்தக்க இரையே இல்லை. கரடி மயிரும் பறவை இறகும் சுற்றிய முள்ளே பூச்சியாகத் தோன்றுகின்றது. ஊதியம் என்று தோன்றுவது முழுவதும் முள். சூதாடி பெற்ற வெற்றிக்குள் உண்மையான ஊதியம் சிறிதேனும் உண்டோ என்னும் வினாவை இக்கலை கூர்மையாக்குகின்றது. மாணவர் இதனை ஆராய்ந்தால் குறள் மேலும் தெளிவுறும்.

குளிர்நீர்த் தூண்டிற்கலை தமிழ் நிலத்தையும் எட்டியது. சென்னை மாகாணத்து ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றி 1873இல் ஆங்கில நூல் ஒன்று எழுதினார். நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க ஃபிரான்சிஸ் டே 1860களில் முயன்றார்; அது நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை எழுந்தது. கிரேலிங் அங்கு வரவில்லை. அக்கலையும் பெரும்பாலும் அயலாரின் பொழுதுபோக்காகவே நின்றது. பாண்மகன் உணவுக்காக நின்ற கரையும், காட்டன் ஓய்வுக்காக நின்ற கரையும் சமுதாய நிலையில் நெடுந்தொலைவு வேறுபட்டவை. காட்டன் தம் கையறிவைத் தாமே எழுதும் வாய்ப்புப் பெற்றிருந்தார். பாண்மகனின் அறிவு பிறர் பாட்டில் நான்கைந்து அடிகளாக மட்டும் எஞ்சியது. அவன் கற்றதை அவன் வாயால் கேட்டு எழுதியவர் இல்லை.

அக்குறை இன்றும் தொடர வேண்டியதில்லை. காப்பார் வட்டாரத்தில் பனியும் உறைநீரும் இல்லை; கிரேலிங் மீனை மாணவர் படத்திலேயே காணக்கூடும். எனினும் நீர்க்காலில் வளைந்த கோலும், நரம்பு அறுந்தபோது கையில் எஞ்சிய நடுக்கமும் அவர்களுள் சிலர்க்குத் தெரியும். குறுந்தொகையின் 54ஆம் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், உரையைக் கூறுவதற்கு முன், தூண்டில் பிடித்தவர் யார் என்று ஒருமுறை வினவுதல் வேண்டும். எழுந்து நிற்கும் மாணவன் தேர்வில் பின்தங்கியவனாகவும் இருக்கலாம். அன்று அவன் சொல்லும் விளக்கம், பெயர் இழந்த புலவர்க்குப் பெயர் தந்த உவமையை வகுப்புக்கு மீட்டுத் தரும்.